மீதி இருந்தால்

முத்தரசபுரத்து ஜனங்களின் இடது முன்கையில் எழுத்து விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்து எழுந்து பல் விளக்கப் போனவர்கள் அவரவர் கையைப் பார்த்தார்கள், அடுத்தவர் கையைப் பார்த்தார்கள், பிறகு பல் விளக்கினார்கள். நீலமும் சாம்பலும் கலந்த நிறம், தட்டச்சு எழுத்து, பழைய தடுப்பூசித் தழும்பைப் போலத் தோலோடு தோலாக. தேரடித் தெருக்காரர்கள் கையில் "தினமும் காலை 6 முதல் 9 வரை" என்றும், பேட்டைத் தெருக்காரர்கள் கையில் "ஒருநாள் விட்டு ஒருநாள், மாலை 4 முதல் 5 வரை" என்றும் இருந்தது. ஊருக்குக் கிழக்கே, கூட்ஸ் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள் குடியிருக்கும் அளக்காரர் காலனியின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கையிலும், நேற்றுப் பிறந்து இன்னும் கண் திறக்காத ஒரு குழந்தையின் கை உட்பட, "மற்ற தெருக்கள் முடிந்தபின், மீதி இருந்தால்" என்று இருந்தது. எல்லோர் கையிலும் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரே மாதிரி இன்னொரு வரி: "எழுதியவர்: தங்கபுஷ்பம்."

தங்கபுஷ்பமும் பேட்டைத் தெருக்காரிதான், அவள் கையிலும் இருந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. நாற்பத்தாறு வயதில் அவளுக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும், பிறகு அது என்னவென்று அவளே உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அவள் கம்ப்யூட்டர் வேலையை எந்தக் கல்லூரியிலும் படித்தவள் இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றவள். கல்லூரிப் பிள்ளைகள் நகலெடுக்கக் கொண்டுவந்த புத்தகங்களை, இயந்திரம் ஒவ்வொரு பக்கமாக வெளிச்சம் போட்டு முடிக்கும் அந்த நாலு நொடியில் படித்து, அடுத்த பக்கத்துக்குப் போய், அப்படியே ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டவள். இப்போது செல்வின் என்கிறவரின் மூன்று அறைக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். பேரூராட்சியின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இருபத்திரண்டு தெருவுக்கும் பிரிகிற குழாய்களில் மோட்டார் வைத்த வால்வு மாட்டி, அதைக் கம்ப்யூட்டரே திறந்து மூடும்படி செய்தது அந்தக் கம்பெனி. புரோகிராம் முழுக்க தங்கபுஷ்பம்.

ஆகவே கையில் விழுந்திருப்பது என்ன எழுத்து என்பது அவளுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், புரோகிராமில் ஒவ்வொரு தெருவின் தலைமேலும் அவள் வைத்த முத்திரைதான் அது, ஒரு கமா பிசகாமல்.

முத்திரைக்கு முன்னால் கோப்பு இருந்தது. கோபமெல்லாம் அங்கேயிருந்துதான் ஆரம்பம்.

ஒரு விதியைப் புரோகிராமுக்குச் சொல்ல இரண்டு வழி உண்டு. பக்கத்தில் ஒரு சீட்டை வைத்து, தெருவுக்கு ஒரு வரியாக, இன்ன தெருவுக்கு இன்ன நேரம் என்று எழுதிவிடலாம். கான்ஃபிக் ஃபைல் என்று தொழிலில் சொல்வார்கள், பேரூராட்சியில் கோப்பு என்றார்கள். நேரத்தை மாற்ற வேண்டுமா, சீட்டில் மாற்றினால் போதும், புரோகிராமைத் தொட வேண்டாம், தங்கபுஷ்பத்தைக் கூப்பிடவும் வேண்டாம். இன்னொரு வழி, புரோகிராமுக்குள்ளேயே அந்தத் தெருவைப் பற்றி எழுதியிருக்கிற இடத்துக்கு நேர் மேலே விதியை முத்திரையாகக் குத்திவிடுவது. ஆட்ரிபியூட் என்பார்கள். தெரு வேறு விதி வேறு என்று பிரிக்க முடியாது, பார்த்தவுடனே தெரியும். ஆனால் மாற்ற வேண்டுமானால் புரோகிராமைத் திறந்து மாற்றி, முழுதையும் மறுபடி ஒருதரம் கட்டி ஏற்ற வேண்டும். அதற்கு பில்டு போடுவது என்று பெயர்.

முதலில் கோப்புதான் வைத்தாள், எல்லோரும் வைப்பது போல. அதைத் திறக்க நாலு பேருக்கு அனுமதி. தங்கபுஷ்பம் ஒருத்தி, முதலாளி செல்வின் ஒருவர், பேரூராட்சிக் கிளார்க் கோமதிநாயகம் ஒருவர், நாலாவது பால்பாண்டி. பால்பாண்டிக்குப் பேரூராட்சியில் எந்தப் பதவியும் கிடையாது, அவர் தலைவியம்மாவின் வீட்டுக்காரர். ஊர் அவரைத்தான் தலைவர் என்று கூப்பிடும், அந்தம்மா பெயர் கல்வெட்டில் மட்டும் இருக்கும். நாலு பேருக்கும் ஒரே கடவுச்சொல். அது பால்பாண்டியின் கார் நம்பர்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் சேமித்த கோப்பின்மேல் இன்னொருவர் சேமிக்க மாட்டார்கள், அடுத்த வீட்டுப் பானைக்குள் கைவிடாத மரியாதை மாதிரி. நகலெடுத்து, மாற்றி, வேறு பெயரில் வைப்பார்கள். "புதியது" என்று ஒன்று, "புதியது இரண்டு" என்று ஒன்று, "கடைசி" என்று ஒன்று, "கடைசி திருத்தியது" என்று ஒன்று, அதற்கும் அப்புறம் "உண்மையான கடைசி" என்று ஒன்று. ஒரு சித்திரை மாதத்தில், அந்த உண்மையான கடைசியில், அளக்காரர் காலனியின் வரி இல்லை. யாரோ எடுத்திருந்தார்கள், அல்லது நகலெடுக்கும்போது யாரோ விட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் படித்தது அந்தக் கோப்பை.

வரி இல்லாவிட்டால் புரோகிராம் கூச்சல் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வரி இல்லையென்றால் பூஜ்யம் என்று தங்கபுஷ்பம் எழுதியிருந்தாள், மோட்டார் வீணாக ஓடி எரிந்துவிடக் கூடாதென்று. மோட்டாரை நினைத்தவள் மனுஷரை நினைக்கவில்லை.

காலனிக்குப் பதினொரு நாள் தண்ணீர் வரவில்லை. முறையிட வந்தவர்களுக்குக் கோமதிநாயகம் "கடைசி" என்ற கோப்பைத் திறந்து காட்டினார். அதில் வரி இருந்தது.

"இந்தா பாருங்க, ஒங்க காலனி பேரு இருக்கு, நேரம் இருக்கு. கம்ப்யூட்டரு சரியாத்தான் இருக்கு. ஒங்க குழாயிலதான் கோளாறு."

பன்னிரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு, உப்பு வாரிவிட்டு வந்த கையோடு, அய்யாத்துரை என்கிறவரின் மனைவி சந்தனமாரி இரண்டு குடத்தோடு தண்டவாளத்தைத் தாண்டி ரயில்வே குடியிருப்புக் குழாய்க்குப் போனாள். போகும்போது வெறுங்குடம். திரும்பி வரும்போது இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, தலையில் குடம் இருப்பவள் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது, கூட்ஸ் ரயில் பக்கவாட்டில்தான் வந்தது.

விசாரணை அறிக்கையில் "கோப்பில் சம்பந்தப்பட்ட வரி காணப்படவில்லை" என்று எழுதி முடித்துவிட்டார்கள். காணப்படவில்லை. வரிக்குக் கால் முளைத்து அதுவே எழுந்து போனதைப் போல. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கோப்பு நாலு பேர் முகத்தையும் பார்த்தது, அது யாரையும் காட்டிக்கொடுக்காது. நாலு பேருக்கும் ஒரே சாவி என்றால் பூட்டுக்கு யாரைத் தெரியும்? வரி போன அந்த வாரம் தானும் ஒருநாள் "கடைசி திருத்தியது" என்பதை நகலெடுத்து "உண்மையான கடைசி" என்று பெயர் போட்டதாகத் தங்கபுஷ்பத்துக்கு ஒரு ஞாபகம். போடவில்லை என்றும் ஒரு ஞாபகம். இரண்டும் சம எடையில் அவள் தலைக்குள் கிடந்தன, சாப்பிட உட்கார்ந்தால் ஒன்று, எழுந்தால் இன்னொன்று.

"இனி கோப்பு கெடையாது," என்றாள் செல்வினிடம். "முத்திரைதான்."

செல்வின் அவளைவிடப் பத்து வயது சின்னவர். "அக்கா, ஒங்களுக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா? கோப்புன்னா தலைவரு போன்லயே மாத்திக்கிடுவாரு. முத்திரைன்னா ஒரு நேரம் மாத்தணும்னாலும் ஒங்களத் தேடி வரணும்."

"வரட்டும். வந்து, எதுத்தாப்புல நின்னு சொல்லட்டும். எழுதுனது யாருன்னு பேரும் அதுலயே போடுதேன்."

கலெக்டர் ஆபீசிலிருந்து கேள்வி வந்திருந்த சமயம், ஏதாவது மாற்றம் செய்தோம் என்று காட்ட வேண்டியிருந்தது, செல்வின் சரி என்றார். இருபத்திரண்டு தெருவின் விதியையும் பால்பாண்டி வந்து நாற்காலியில் சாய்ந்து சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். காலனி வந்தபோது அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "அது கடைசித் தெருதான. எல்லாரும் எடுத்த பொறவு மீதி இருந்தா விடுங்க," என்றார். அவள் விரல் நின்றது. பிறகு, மறைத்து வைத்த அநியாயத்தைவிட எழுதி வைத்த அநியாயம் மேல், எழுதியிருந்தால் யாராவது பார்த்துக் கேட்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினாள். எழுதியவர் என்று தன் பெயரைப் போட்டாள். சொன்னவர் என்று ஒரு இடம் வைக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அதுதான் மறுநாள் ஊருக்கே கையில் விழுந்தது.

ஊர் அதற்கு மூன்றே நாளில் பழகிவிட்டது. எலுமிச்சம்பழம் தேய்த்தவர்கள், மண்ணெண்ணெய் போட்டவர்கள், கோயிலில் விளக்கேற்றியவர்கள், சர்ச்சில் மெழுகுவர்த்தி வைத்தவர்கள், பள்ளிவாசலில் ஓதித் தண்ணீர் வாங்கி வந்தவர்கள், எல்லோரும் இரண்டு நாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தோலுக்கு ஒண்ணுமில்ல," என்று சீட்டெழுதிக் கொடுத்தார். நாய்களுக்கு எழுத்து விழவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை, நாய்களுக்கு வீட்டுக் குழாய் கிடையாது. கல்யாணமாகி வேறு தெருவுக்குப் போன பெண்களுக்கு மூன்றாம் நாள் எழுத்து மாறியது. அதனால் பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கையை நீட்டச் சொன்னார்கள், மாப்பிள்ளையின் கையையும் பெண் வீட்டார் கேட்டார்கள். புளி வியாபாரி ஆறுமுகநயினாரின் கையில் இரண்டு தெரு நேரம் ஒன்றின்கீழ் ஒன்றாக விழுந்திருந்தது. அவர் மனைவி அதைப் படித்துவிட்டு, அந்த இரண்டாவது தெருவுக்குப் போய், அங்கே ஒருத்தியின் கையையும் படித்துவிட்டு, திரும்பி வந்து, அன்றைக்கு உலை வைக்கவில்லை.

டீக்கடையில் கிண்டல் தொடங்கியது.

"ஒமக்கு என்னவே போட்டிருக்கு?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்."

"அப்ப நேத்து குடிச்சீருல்லா, நாளைக்கி வாரும்."

பேட்டைத் தெருக்காரனிடம் சொன்னால் அது கிண்டல், அவனும் சிரிப்பான். காலனிக்காரர்களிடம் சொன்னபோது அது கிண்டலாக இல்லை. பஸ்ஸில் நடத்துனர் அவர்கள் கையைப் பார்த்துவிட்டு, "நில்லுங்க, சீட்டு மீதி இருந்தா உக்காரலாம்," என்றார். மளிகைக்கடையில் முதலில் வந்து நின்றவளைக் கடைசியில் கவனித்தார்கள், கேட்டால் எழுதியிருப்பதைக் காட்டினார்கள். முன்பும் கடைசியில்தான் கவனித்தார்கள், ஆனால் முன்பு அதற்கு ஒரு சாக்குச் சொல்ல வேண்டியிருந்தது, இப்போது கையே சாக்காகிவிட்டது. ஒருநாள் அந்த மளிகைக்கடையில் காலனியின் ஒருத்தி கல்லாப்பெட்டி முன்னால் கையை நீட்டி, "ஒம் வீட்டுக் கொழம்புல கெடக்க உப்பு பூராவும் இந்தக் கை வாரினதுதான். அதுல மீதி இருந்தாத்தான் போடுதீரா?" என்று கேட்டாள். கடைக்காரர் அவளுக்கு முதலில் நிறுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடி கடைசியில் கொடுத்தார்.

இதையெல்லாம் கேட்கக் கேட்கத் தங்கபுஷ்பத்துக்கு உடம்பு எரிந்தது. எழுதியிருந்தால் யாராவது கேட்பார்கள் என்று நினைத்தாளே. எழுதியிருந்ததை எல்லோரும் படித்தார்கள். ஒருவரும் விதியைக் கேட்கவில்லை. விதியை எடுத்து ஆயுதமாக வைத்துக்கொண்டார்கள். அவள் தெருவில் நடந்தால் எதிரே வருகிற முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் கையிலும் அவள் பெயர், பால்பாண்டியின் பெயர் இல்லை. வாய் ஒருத்தருடையது, கை ஒருத்தியுடையது, முத்திரை கையைத்தான் பிடித்திருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அய்யாத்துரை கம்பெனிக்கு வந்தார். உப்பளத்து ஆள், கண் இமையெல்லாம் வெளுத்தவர். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யம்மா, ஒண்ணு கேக்கணும். எம்பொண்டாட்டி போனது கோப்புல ஒரு வரி இல்லாமன்னு சொன்னாவ. அந்த வரிய எடுத்தது யாரு?"

"தெரியாதுண்ணே."

"நீங்கதான அதக் கட்டுனது. ஒங்களுக்கே தெரியாதா?"

"நாலு பேருல ஒருத்தரு. நாலு பேருக்கும் ஒரே சாவி. யாரு தொறந்தான்னு அது சொல்லாது." அவள் நிறுத்தினாள். "நானாவும் இருக்கலாம்ணே. எனக்கே சரியா நெனவில்ல."

அவர் அவளைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "இதுல தெரியுதே, எழுதுனது யாருன்னு," என்று தன் கையைக் காட்டினார். "அதுல மட்டும் ஏன் தெரியாம வச்சிய?" கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பால்பாண்டி வந்தார், கூடவே தேரடித் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு மனு. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் கையைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம், ஏதோ ஒரு பத்திரிகைக்காரன் வேறு படமெடுத்துப் போயிருக்கிறானாம். தினமும் மூன்று மணி நேரம் தண்ணீர் வாங்குவதில் அவர்களுக்கு வெட்கமில்லை, அது கையில் தெரிவதில்தான் வெட்கம். வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுப் புழுங்கிக்கொண்டு எத்தனை நாள் திரிவது?

"ஊரு மானம் போகுது," என்றார் பால்பாண்டி. "பழையபடி கோப்புக்கே மாத்திருங்க."

செல்வின் அவள் பக்கம் திரும்பினார். "ஒரு நாள் வேலதான அக்கா. முத்திரைய எடுத்தா கை வெளுத்துரும். ஒங்க பேரும் போயிரும். காலனிக்காரங்களுக்கும் சந்தோஷம்தான, ஒருத்தனும் கேலி பேசமாட்டான்."

"காலனிக்குத் தண்ணி?"

"அது இருக்கபடி இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாதுல்லா."

பால்பாண்டி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் தங்கபுஷ்பத்துக்கு ஒன்று விளங்கியது. கோப்புக்குப் போனால் கையில் இருக்கிற எழுத்து மட்டும் போகாது. அய்யாத்துரை கேட்ட கேள்வியும் போய்விடும். யாரும் எடுக்காத வரிகள், யாரும் சொல்லாத விதிகள், காணப்படாத, தெரியவராத, எழுவாயே இல்லாத வாக்கியங்கள் அந்த ஊரில் மறுபடி ஓட ஆரம்பிக்கும், தண்ணீரைவிடத் தாராளமாக. அடுத்த சித்திரையில் இன்னொருத்தி குடத்தோடு தண்டவாளம் ஏறுவாள், இன்னொரு வரி காணப்படாது. தெருவுக்கெல்லாம் முத்திரை வைத்தவள், சாவி வைத்திருக்கிற ஆட்களுக்கு முத்திரை வைக்க மறந்ததை நினைத்து அவள் பல்லைக் கடித்தாள்.

"நாளைக்கி மத்தியானத்துக்குள்ள போட்டுருதேன்," என்றாள்.

சனிக்கிழமை காலை முழுக்க அவள் எழுதினாள். கோப்பு எதையும் உண்டாக்கவில்லை. தொட்டி கொள்ளுகிற தண்ணீரை இருபத்திரண்டு தெருவின் ஆள் கணக்குக்கு வகுத்தாள். எல்லோருக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரம் வந்தது, காலனிக்கும் அதே, தேரடித் தெருவுக்கும் அதே. முத்திரையில் "எழுதியவர்" என்பதற்கு மேலே "சொன்னவர்" என்று இன்னொரு இடம் திறந்தாள், இந்த விதிக்கு இரண்டிலும் தன் பெயரைப் போட்டாள். அதோடு விடவில்லை. உள்ளே வர அனுமதி உள்ளவர்கள் என்று புரோகிராமில் ஒரு மூலை உண்டு, அங்கே நாலு பெயர், அதுவரை தலையில் ஒன்றும் இல்லாமல் மொட்டையாக இருந்த நாலு பெயர். நாலின் தலைமேலும் ஒரே முத்திரையைக் குத்தினாள், தன் பெயரின் தலைமேலும். பகல் ஒன்றேகால் மணிக்கு பில்டு போட்டாள்.

பால்பாண்டி அப்போது ஒரு புதுமனைப் புகுவிழாப் பந்தியில் முதல் வரிசையில் இருந்தார். சாம்பார் ஊற்றிப் பிசைந்த கையைத் தூக்கினவர் அப்படியே நிறுத்தினார், எதிர் வரிசையில் இருந்தவர்கள் பருக்கைகளுக்கு நடுவே அவர் உள்ளங்கையில் எழுத்து எழும்பி வருவதைப் படித்தார்கள்: "சந்தனமாரி, அளக்காரர் காலனி. பதினொரு நாள் தண்ணீர் இல்லை. வரியை எடுத்தவர் நால்வரில் ஒருவர்." பரிமாறிக்கொண்டிருந்தவர் ரசம் வேண்டுமா என்று கேட்டார்.

தேரடித் தெருக்காரர்கள் தங்கள் கையில் நேரம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு சாயங்காலமே கம்பெனி வாசலில் வந்து நின்றார்கள், முப்பது பேர் இருக்கும். தங்கபுஷ்பம் கம்ப்யூட்டரை வாசலுக்குத் தூக்கி வந்து ஒரு ஸ்டூலில் வைத்தாள்.

"மாத்துதேன். ஒவ்வொருத்தரா வாங்க. ஒங்க தெருவுக்கு எத்தன மணி நேரம் கூட வேணும், அத எந்தத் தெருவுல இருந்து எடுக்கணும், சொல்லுங்க. அந்தத் தெருக்காரங்க கையில சொன்னவருன்னு ஒங்க பேரு விழும். அவ்வளவுதான்."

முதலில் நின்றவர் பின்னால் இருந்தவருக்கு வழிவிட்டார், அவர் அவருக்குப் பின்னால் இருந்தவருக்கு. "கையிலயேவா," என்று ஒருவர் கேட்டார். "கையிலயே," என்றாள். கொஞ்ச நேரத்தில் வரிசை, ஒருவரும் போவதாகச் சொல்லாமலே, போய்விட்டது.

நாலு பேர் பாடு அப்படி முடியவில்லை. உள்ளங்கை என்பதால் மறைக்க முடியவில்லை; கும்பிட்டால் ஒரு நொடி தெரிந்தது, தட்டில் கைவைத்தால் தெரிந்தது, வாய் பக்கம் கொண்டுபோனால் தானே படிக்க வேண்டியிருந்தது. கோமதிநாயகம் ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தார். பால்பாண்டி பந்திக்குப் போவதை நிறுத்தினார். செல்வின் திங்கட்கிழமை வந்து அவள் மேசைமேல் கையை விரித்து வைத்தார்.

"எடுங்க அக்கா இத."

"எடுக்கலாமே. அந்த வரிய எடுத்தது யாருன்னு சொல்லுங்க, மத்த மூணு பேருக்கும் இப்பவே எடுத்துருதேன்."

"நான் இல்ல."

"நானும் இல்லன்னு சொல்ல முடியல, சார். அதனாலதான் எனக்கும் போட்டிருக்கேன்." தன் கையை அவர் கைக்குப் பக்கத்தில் விரித்தாள். இரண்டிலும் ஒரே எழுத்து.

"ஒங்கள அனுப்பிட்டு வேற ஆள வச்சு எடுத்துருவேன்."

"எடுங்க. எழுதியவருன்னு அவன் பேரு விழும். சாவி வாங்கி உள்ள வந்தா அவன் அஞ்சாவது ஆளு."

செல்வின் மதுரையிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார், கெட்டிக்காரர்கள். கம்ப்யூட்டரைத் திறந்து படித்தார்கள், செல்வினின் கையைப் படித்தார்கள், டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று போனவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். நாலு பேரும் ஒருதரம் பேரூராட்சியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் செல்வினைச் சொன்னார், செல்வின் கோமதிநாயகத்தைச் சொன்னார், பால்பாண்டி இரண்டு பேரையும் சொன்னார், தங்கபுஷ்பம் தன்னுடைய இரண்டு ஞாபகத்தையும் அப்படியே சொன்னாள், அதைக் கேட்டு மற்ற மூன்று பேருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. "அப்ப நீங்கதான்னு போட்டுக்கிடுங்களேன்," என்றார் பால்பாண்டி, நயமாக. "தெரிஞ்சா போட்டிருப்பேன்," என்றாள். "தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதுனா அது மறுபடியும் ஒங்க கோப்புதான்." கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள், கை நாலும் வந்தபடியே இருந்தது.

காலனிக்கு முறை வந்த மூன்றாவது புதன்கிழமை காலை தங்கபுஷ்பம் தண்டவாளத்தைத் தாண்டி அங்கே போனாள். வால்வு திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, குழாயடியில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. யார் குடம் முதலில் வைத்தது என்று இரண்டு பெண்கள் ஒருத்தி பரம்பரையை ஒருத்தி இழுத்தார்கள். அவளைப் பார்த்ததும் சத்தம் கொஞ்சம் அடங்கி, பிறகு முன்பைவிடக் கூடியது. அய்யாத்துரை இரண்டு குடத்தோடு வரிசையில் நின்றார். அவளைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார். கையைக் காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை, அவளே நீட்டினாள்.

அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். மனைவி பெயரில் விரலை வைத்து, அங்கே நின்று, பிறகு மெல்ல நகர்ந்து, நால்வரில் ஒருவர் என்பதுவரை வந்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். வெயில் ஏறியிருந்தது, அவள் கையை எடுக்கவில்லை.

"நாலு பேருதான் போட்டிருக்கியளா?"

"நாலு பேருக்குத்தாண்ணே சாவி."

"எம்பேரையும் போடுங்க." அவர் நிமிரவில்லை. "அன்னைக்கி போவேண்டாம்னுதான் சொன்னா. நாளைக்கி லாரித் தண்ணி வந்தாலும் வரும், இன்னைக்கி ஒருநாள் சமாளிப்போம்னா. வேல முடிஞ்சி வந்தவன், மேலெல்லாம் உப்பு, கழுவத் தண்ணியில்ல. போய் ரெண்டு கொடம் எடுத்துட்டு வாட்டின்னு நாந்தான் வெரட்டுனேன். சொன்னவருன்னு ஒரு எடம் வச்சிருக்கியள்லா. அதுல போடுங்க."

தங்கபுஷ்பத்துக்கு அதுவரை வந்த கோபமெல்லாம் ஒரு கோபமே இல்லை என்பது போல ஒன்று வந்தது. பந்தியில் சோறு பிசைந்த கைக்குத் தான் நிரபராதி என்று தெரிந்திருந்தது, ஸ்பூன் பிடித்த கைக்கும் தெரிந்திருந்தது. உப்புக் கையைக் கழுவத் தண்ணீர் கேட்டவன் வந்து முத்திரைக்கு வரிசையில் நிற்கிறான்.

"முடியாது," என்றாள். குழாயடியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "கழுவத் தண்ணி கேட்டதுக்கெல்லாம் இதுல எடம் கெடையாதுண்ணே. வேணும்னா கேளுங்க, எத்தன தடவ கேட்டாலும் போடமாட்டேன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், துண்டு முகத்தைவிட்டு வர வெகுநேரமாயிற்று. பிறகு தன் இடது கையைத் திருப்பி, புதிதாக விழுந்திருந்ததை விரல் வைத்துப் படித்தார்.

"ஒருநாள் விட்டு ஒருநாள். ரெண்டு மணி நேரம். சொன்னவர், தங்கபுஷ்பம். எழுதியவர், தங்கபுஷ்பம்." அவளை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டும் நீங்கதானா?"

"நாந்தான்."

"அப்ப தண்ணி வரலன்னா ஒங்க வீட்டுக்குத்தான் சண்டைக்கு வருவேன்."

"வாங்க. பேட்டைத் தெரு, தெக்கோரத்துல கடைசி வீடு. மொத நாளே வந்துரணும். பதினொரு நாளெல்லாம் இருக்கக் கூடாது."

வரிசையில் அவருடைய குடத்தை யாரோ காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு முன்னே போயிருந்தார்கள். அய்யாத்துரை அதைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், "ஏ, அது எங்கொடம், எடுட்டி கைய," என்று உரக்கச் சொல்லிக்கொண்டே குழாயை நோக்கிப் போனார்.